பச்சை ஒட்டுத்தாளும் சிவப்பு ஒட்டுத்தாளும்: இரு மடிக்கணினிச் சில்லுகளின் வரலாறு

கடந்த பெருநாள் விடுமுறையில் நற்பிட்டிமுனைக்குச் சென்றிருந்தேன். கல்முனை நகரிலிருந்து மேற்கே, வயற்புறமாகத் திரும்பினால் வரும் ஊர். தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழும் ஊர். அங்கே என் தங்கை வீட்டு அலுமாரியின் மேல், பழைய சாரம் ஒன்றில் சுற்றியபடி இரண்டு மடிக்கணினிகள் கிடந்தன. ஒன்று, மைத்துனர் கட்டாரில் வேலை செய்த காலத்தில் 2008ஆம் ஆண்டு கொண்டுவந்தது. மற்றையது சில ஆண்டுகள் கழித்துக் கைமாறி வந்தது. தங்கையின் இளைய மகன் இரண்டையும் இறக்கி, தூசு தட்டி, என் முன்னால் வைத்தான். இரண்டும் இன்னும் உயிரோடுதான் இருந்தன.

"மாமா, இந்த ரெண்டுலயும் கேம் விளையாட எது நல்லம்?"

ஒன்றில் பச்சை நிற ஒட்டுத்தாள். என்விடியா ஜீபோர்ஸ் 8600எம் ஜி.ரி. மற்றையதில் சிவப்பு நிற ஒட்டுத்தாள், ஏ.ரி.ஐ. மொபிலிட்டி ரேடியான் எச்.டி. 2600. புதிய கணினி வாங்கித் தரும் நிலையில் வீட்டார் இல்லை. 2022ஆம் ஆண்டு ரூபாய் சரிந்த பின்னர் அந்தக் கேள்வியைப் பல வீடுகளில் பிள்ளைகள் கேட்பதே இல்லை. ஆகவே அவனுடைய கேள்வி விளையாட்டுக் கேள்வி அன்று. இருப்பதில் எது பிழைக்கும் என்னும் கேள்வி.

சற்றும் யோசியாமல் "பச்சை" என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும் வழியில்தான், நான் சொன்னது 2007ஆம் ஆண்டின் விடை என்பது உறைத்தது. அந்த விடை அதன் பின்னர் ஒருமுறையல்ல, பலமுறை மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களின் கதையை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இரு குடும்பங்களின் பூர்வீகம். ஏ.ரி.ஐ. நிறுவனம் 1985ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் குவொக் யுவென் ஹோவும் ஹொங்கொங்கிலிருந்து குடிபெயர்ந்த அவருடைய நண்பர்களும். அதன் தலைமையகம் இருந்த மார்க்கம் நகரம் இன்று புலம்பெயர் தமிழர் பெருந்தொகையாக வாழும் இடம். அங்குள்ள வாசகர் பலருக்கு அந்தக் கட்டடம் கண்ணுக்குப் பழகியதாகவே இருக்கும். என்விடியா 1993ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தாய்வானில் பிறந்த ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலகோவ்ஸ்கி, கேர்ட்டிஸ் பிரீம் என்னும் மூவரால் தொடங்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் முப்பரிமாண விளையாட்டின் அரசனாக இருந்தது 3டிஎப்எக்ஸ் என்னும் மூன்றாவது நிறுவனம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் அது வீழ்ந்து, அதன் உடைமைகளை என்விடியா வாங்கியதும் களத்தில் இருவரே எஞ்சினர். 2006 ஒக்ரோபரில் ஏ.எம்.டி. நிறுவனம் 540 கோடி அமெரிக்க டொலர் பெறுமதியில் ஏ.ரி.ஐ.யை வாங்கியது. எனவே எச்.டி. 2600 பிறந்தபோது ஒட்டுத்தாளில் ஏ.ரி.ஐ. என்று இருந்தாலும் வீட்டுத் தலைவர் மாறியிருந்தார்.

இரு சில்லுகளும் ஒரே மாதத்தில், 2007 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டன. இரண்டையும் வார்த்துக் கொடுத்ததும் ஒரே தொழிற்சாலைதான், தாய்வானின் ரி.எஸ்.எம்.சி. ஆனால் அச்சு வேறு. 8600எம் ஜி.ரி.யின் உள்ளீடு 80 நனோமீற்றர் முறையில் 289 மில்லியன் திரான்சிஸ்டர்களைக் கொண்டது. எச்.டி. 2600 அதைவிட நுண்ணிய 65 நனோமீற்றர் முறையில் 390 மில்லியன் திரான்சிஸ்டர்களைக் கொண்டது. நுண்ணிய அச்சு, கூடுதல் திரான்சிஸ்டர். காகிதத்தில் சிவப்பே முன்னால் நின்றது.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. வரைகலை "அட்டை" என்று நாம் பேசினாலும், பெரும்பாலான மடிக்கணினிகளில் கழற்றி மாட்டும் அட்டை எதுவும் இல்லை. சில்லு தாய்ப்பலகையோடு பற்றாசினால் ஒட்டப்பட்டிருக்கும். மேசைக் கணினியில் அட்டை பழுதானால் வேறு அட்டை போடலாம். மடிக்கணினியில் சில்லு போனால் பலகையே போனது போலத்தான். இந்தச் செய்தி பின்னர் முக்கியமாகும்.

கணக்கைப் பார்ப்போம். எச்.டி. 2600இல் 120 கணிப்பு அலகுகள், 500 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில். 8600எம் ஜி.ரி.யில் 32 அலகுகள் மட்டுமே. ஆனால் அவை 950 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடின. பெருக்கிப் பார்த்தால் சிவப்பின் கணிப்புத் திறன் பச்சையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் விளையாட்டில் அப்படி நடக்கவில்லை. ஏ.ரி.ஐ.யின் 120 அலகுகளும் ஐந்து ஐந்தாகக் கட்டப்பட்ட 24 கட்டுகள். ஒரு கட்டிலுள்ள ஐவருக்கும் ஒரே வேளையில் வேலை பிரித்துக் கொடுக்க முடிந்தால் மட்டுமே முழுத் திறன் வெளிப்படும். வயலில் ஐந்து பேரைக் கூலிக்கு அழைத்து, மூவருக்கு மட்டும் வேலை இருந்தால் மற்ற இருவரும் வரம்பில் குந்தியிருப்பார்கள் அல்லவா, அதுதான் நிலைமை. என்விடியாவின் 32 அலகுகளும் தனித்தனியே வேலை செய்யக்கூடியவை.

இன்னொரு காரணம், படத்தின் மேற்பரப்பைப் பூசும் அலகுகள். சுவர், புல், சட்டை என்று திரையில் தெரியும் ஒவ்வொன்றின் மீதும் ஓவியத்தை ஒட்டும் வேலைக்குப் பச்சையில் 16 அலகுகள், சிவப்பில் 8. முடிந்த புள்ளிகளைத் திரைக்கு எழுதும் அலகுகள் பச்சையில் 8; சிவப்பில் 4. ஓரங்களின் பல்வரிசையை மழுப்பிக் காட்டும் வேலையை எச்.டி. 2600 தனி அலகு இல்லாமல் பொதுக் கணிப்பு அலகுகளிலேயே செய்தது. அதனால் அந்த வசதியைப் போட்டவுடன் வேகம் சரிந்தது. இக்காரணங்களால் அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றில் 8600எம் ஜி.ரி. ஓரடி முன்னே நின்றது. திரைப்படம் பார்ப்பதில் மட்டும் சிவப்பு விட்டுக் கொடுக்கவில்லை. உயர்தெளிவுக் காணொளியின் இரு முக்கிய வடிவங்களையும் அது முழுமையாகத் தானே விரித்தது. பச்சை ஒன்றை முழுமையாகவும் மற்றதைப் பகுதியாகவும்.

ஆனால் "8600எம் ஜி.ரி." என்ற பெயர் எழுதப்பட்ட இரு கணினிகள் ஒரே வேகத்தில் ஓடும் என்று நம்பினால் அதுவும் ஏமாற்றமே. ஒன்றில் ஜி.டி.டி.ஆர்.3 என்னும் விரைவான நினைவகம், நொடிக்கு 22.4 கிகாபைட் வரை தரவை நகர்த்தும். இன்னொன்றில் மலிவான டி.டி.ஆர்.2 நினைவகம், நொடிக்கு 12.8 கிகாபைட். ஒட்டுத்தாளில் இந்த வேறுபாடு இல்லை. 512 மெகாபைட் டி.டி.ஆர்.2 கொண்ட கணினி, 256 மெகாபைட் ஜி.டி.டி.ஆர்.3 கொண்ட கணினியைவிடச் சிறந்தது என்று விற்கப்பட்டது. உண்மையில் விளையாட்டில் பின்னையதே விரைந்தது. போதாக்குறைக்கு, கணினியின் பொது நினைவகத்திலிருந்து கடன் வாங்கியதையும் சேர்த்து எண்ணி விளம்பரப்படுத்தும் வழக்கமும் இருந்தது. என்விடியா அதற்கு டர்போகேஷ் என்று பெயரிட்டது, ஏ.ரி.ஐ. ஹைப்பர்மெமரி என்றது. அடுத்த ஆண்டு வந்த 9500எம் ஜி.எஸ். என்னும் "புதிய" சில்லு, பழைய 8600எம் ஜி.ரி.க்கு வைத்த புதுப் பெயர்தான். டி.டி.ஆர்.2 கொண்ட பச்சைக்கும் சிவப்புக்கும் இடையிலான தூரம் மிகக் குறுகியது.

2007 நவம்பரில் கால் ஒப் டியூட்டியின் நான்காம் பாகமும் கிரைசிஸ் விளையாட்டும் வெளிவந்தன. முதலாவதை இரு சில்லுகளும் 1280க்கு 800 புள்ளித் திரையில் அமைப்புகளைச் சற்றுக் குறைத்து ஓட்டின. பச்சை இலகுவாக, சிவப்பு கொஞ்சம் மூச்சு வாங்கி. கிரைசிஸின் முழு அழகை இரண்டுமே காட்ட இயலவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளோ பெரும்பாலும் விளையாடியது ஈ.ஏ. நிறுவனத்தின் கிரிக்கெட் 07ஐ. அதற்கு இவற்றில் எதுவும் போதும், போதியதற்கு மேல்.

ஆக 2007இன் தீர்ப்பு: விளையாட்டுக்குப் பச்சை. இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் மருமகனுக்குச் சொன்னது சரி.

2008 ஜூலை 2ஆம் திகதி என்விடியா முதலீட்டாளர்களுக்கு ஓர் அறிவித்தலை விடுத்தது. முந்திய தலைமுறை மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில், சில்லையும் அதன் அடித்தளத்தையும் சேர்க்கும் பொருள்களில் உள்ள பலவீனத்தால் வழமைக்கு மீறிப் பழுதுகள் ஏற்படுகின்றன என்றும், அதற்காக 15 முதல் 20 கோடி டொலர் ஒதுக்குவதாகவும் கூறியது. "த இன்குவைரர்" இணையச் செய்தித்தளத்தின் நிருபர் சார்லி டெமர்ஜியன், 8600எம், 8400எம் சில்லுகளின் அடிப்படையான ஜி84, ஜி86 ஆகியன அனைத்துமே பழுதுக்கு உரியவை என்று தொடர்ந்து எழுதினார். பழுது குறிப்பிட்ட சில மடிக்கணினிகளுக்கு உரியது மட்டுமே என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆப்பிள் நிறுவனம் முதலில் தனது கணினிகள் பாதிக்கப்படவில்லை என்ற உறுதிமொழியைப் பெற்றிருந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் 8600எம் ஜி.ரி. கொண்ட மெக்புக் புரோ கணினிகளும் பாதிக்கப்படலாம் என்று அறிவித்து, இலவசத் திருத்தத்தை முன்வந்தது. ஒரு நிருபர் தனியாக நின்று எழுதும்போது அவர் மிகைப்படுத்துகிறார் என்பது எளிது. பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு அது புதிதன்று.

பழுதின் உள்ளமைப்பு இதுதான். சிலிக்கன் துண்டு, தன் அடித்தளத்தோடு மிகச் சிறிய பற்றாசுக் குமிழ்கள் பலவற்றால் இணைந்திருக்கும். இடைவெளியில் ஒரு பிசின் நிரப்பப்பட்டிருக்கும். சூடேறும்போது சிலிக்கன் குறைவாகவும் அடித்தளம் கூடுதலாகவும் விரியும். குளிரும்போது அவ்வாறே சுருங்கும். அந்த இழுபறியைப் பிசின் தாங்க வேண்டும். சில்லு வேலை செய்யும் வெப்பநிலையிலேயே பிசின் இளகிவிட்டால் முழுச் சுமையும் குமிழ்கள்மேல் விழும். ஒவ்வொரு முறை கணினியைப் போட்டு அணைக்கும்போதும் ஒரு சிறு வளைவு. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பதுபோல், ஒரு நாள் குமிழ் வெடிக்கும். திரை கோடு கோடாகும், பின்னர் இருளும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் ஈயத்தைத் தடைசெய்ததே காரணம் என்று பலர் இன்றும் எழுதுகிறார்கள். ஆனால் முறிந்த இந்த உட்குமிழ்களில் ஈயம் மிகுதியாகவே இருந்தது.

அந்த ஜூலை அறிவித்தலில் ஒரு வரி என் மனத்தில் தங்கிவிட்டது. காரணிகளின் பட்டியலில், கணினியின் வெப்ப ஏற்பாட்டோடு சேர்த்து, பாவனையாளரின் பயன்பாட்டு முறையையும் அவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். நமது கரையின் பயன்பாட்டு முறையை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுதும் முப்பது பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பம். கடற்காற்றின் ஈரமும் தூசும் படிந்த விசிறி. மெத்தையின் மேல் வைத்துக் காற்று வழி அடைபட்ட கணினி. மின்கலம் செத்துப்போனதால் நேரடியாகச் சுவர் மின்சாரத்தில் ஓட்டம். அப்படிப்பட்ட கணினிக்கு ஒவ்வொரு மின்வெட்டும் ஒரு திடீர்க் குளிர்ச்சி. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றது. பாடசாலைகள் மூடப்பட்ட 2020, 2021ஆம் ஆண்டுகளில் பிள்ளைகளின் இணைய வகுப்புக்காக அலுமாரி மேலிருந்து இறக்கப்பட்ட பழைய கணினிகள் எத்தனை! செய்தவர்கள் ஆயுள் முடிந்துவிட்டது என்று கணக்கை மூடிய பின்னர்தான் நம் வீடுகளில் ஒரு கணினியின் வேலை தொடங்குகிறது.

இழப்பீடு வந்ததா? வந்தது, நமக்கன்று. என்விடியாவுக்கு எதிரான கூட்டு வழக்கு கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்து, 2010ஆம் ஆண்டு இணக்கத்துக்கு வந்தது. குறிப்பிட்ட சில டெல், எச்.பி., ஆப்பிள் கணினிகளின் உரிமையாளருக்குத் திருத்தமோ மாற்றுக் கணினியோ கிடைத்தது. எச்.பி. உரிமையாளருக்குத் தரப்பட்ட மாற்றுக் கணினி மலிவானது என்று அவர்களே ஆட்சேபித்தார்கள். ஆட்சேபிக்கவாவது அவர்களுக்கு ஒரு மன்று இருந்தது. அந்த இணக்கம் ஐக்கிய அமெரிக்காவில் வாங்கியோருக்கு உரியது. உற்பத்தியாளர் நீட்டித்த உத்தரவாதங்களோ கொள்முதல் திகதியோடு கட்டப்பட்டவை. வளைகுடாவில் வாங்கி, பெட்டியும் பற்றுச்சீட்டும் இல்லாமல் பயணப் பையில் ஊர் வந்து, இரண்டு கை மாறிய கணினிக்கு அந்த வாசல்கள் நடைமுறையில் மூடியே இருந்தன.

நம்மவருக்கு எஞ்சியது சூட்டுக்காற்று வைத்தியம். சில்லைச் சூடாக்கினால் வெடித்த குமிழ் மீண்டும் தொட்டுக்கொள்ளும், திரை வரும். வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடியும் போகும். சில்லுக்கும் பலகைக்கும் இடையிலுள்ள வெளிக்குமிழ்களைப் புதிதாகப் போட்டாலும் உள்ளே வெடித்தது வெடித்ததுதான். சில்லையே திருத்தப்பட்ட புதியதாக மாற்றுவது ஒன்றுதான் உண்மையான திருத்தம். இதை அறியாமல் ஒரே பழுதுக்கு இருமுறை, மும்முறை காசு கொடுத்தவர்கள் உலகெங்கும் உண்டு.

அப்படியானால் சிவப்பே சிறந்தது என்று சொல்லிவிடலாமா? அதுவும் அவசரம். அதே 2007 ஜூலையில் மைக்ரோசொப்ட் தனது எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியின் பழுதுகளுக்காக 105 முதல் 115 கோடி டொலர்வரை ஒதுக்கியது. மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிர்ந்ததால் உள்ளிணைப்புகள் முறிந்ததே காரணம் என்று அந்நிறுவனத்தின் பொறியியலாளர் 2021இல் வெளியான ஆவணப்படத்தில் விளக்கினார். அப்பெட்டியின் வரைகலைச் சில்லை வடிவமைத்தது ஏ.ரி.ஐ. 2011ஆம் ஆண்டின் ஏ.எம்.டி. சில்லு கொண்ட மெக்புக் புரோ கணினிகளுக்கும் திரைப்பழுது வந்து, 2015 பெப்ரவரியில் ஆப்பிள் இலவசத் திருத்தத் திட்டத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று. குறைபாட்டுக்கு நிறம் இல்லை.

மூன்றாவது தராசு, டிரைவர் எனப்படும் இயக்கு மென்பொருள். சில்லு உயிரோடு இருந்தாலும் அதனோடு பேசும் மென்பொருள் புதுப்பிக்கப்படாவிட்டால் அது மெல்ல ஊமையாகும். ஏ.எம்.டி. 2012ஆம் ஆண்டிலேயே எச்.டி. 2000, 3000, 4000 வரிசைகளைப் பழையன பட்டியலில் தள்ளியது. 2013க்குப் பின்னர் விண்டோஸுக்கு அவற்றுக்கான புதிய டிரைவர் இல்லை. என்விடியா 8600எம் வரிசையை 2016வரை கவனித்தது. இதில் பச்சை மூன்று ஆண்டுகள் கூடுதலாக நின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்காவது தராசில் சிவப்பு எழுந்தது. 2007 செப்டெம்பரில் ஏ.எம்.டி. தன் சில்லுகளின் உள் ஆவணங்களைப் பொதுவில் வெளியிடுவதாக அறிவித்தது. ஆவணங்கள் அடுத்தடுத்து வந்தன. அவற்றைக் கொண்டு லினக்ஸ் ஆர்வலர் எழுதிய திறந்த மூல டிரைவர், எச்.டி. 2600ஐ இன்றும் லினக்ஸில் ஒழுங்காக ஓட்டுகிறது. என்விடியா அவ்வாறு ஆவணம் தரவில்லை. அதன் சில்லுகளுக்கான நூவோ என்னும் திறந்த டிரைவர், வெளியிலிருந்து தட்டித் தடவி ஊகித்து எழுதப்பட்டது. 8600எம் ஜி.ரி.யும் அதில் ஓடும். தன் முழு வேகத்தை எளிதில் எட்டாது. நிறுவனம் கைவிட்ட பின்னரும் பொருள் வாழ வேண்டுமானால் அதன் இரகசியம் ஊராரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியாது.

வேகத்தில் பச்சை. உடலின் உறுதியில் பச்சைக்கு அறியப்பட்ட குறை. விண்டோஸ் பராமரிப்பில் பச்சை. திறந்த மென்பொருளில் சிவப்பு. 2007இல் ஒரே சொல்லில் விடை கிடைத்த கேள்விக்கு இன்று நான்கு விடைகள். சஞ்சிகைகள் புதுப் பெட்டியைத் திறந்த வாரத்தில் அளந்து தீர்ப்புச் சொல்கின்றன. அந்த அளவு, பெட்டி திறந்த அன்றே வாங்கிப் புதியது வந்ததும் மாற்றிக்கொள்வோருக்குச் சரி. ஒரு கணினியை அண்ணன் படித்து, தங்கை படித்து, தம்பி விளையாடும் வீடுகளுக்கு அந்த அளவுகோல் பாதிதான்.

மருமகனுக்குத் தொலைபேசியில் இவ்வளவும் சொல்லவில்லை. இவ்வளவு சொன்னேன்: "முதல்ல ரெண்டுலயும் விசிறியைக் கழற்றித் துப்புரவாக்கு மகன். சில்லுக்கு மேலுள்ள காய்ஞ்ச வெப்பப் பசையையும் மாற்று. மெத்தையில வைக்காதே. பச்சையில பழைய விண்டோஸை வச்சிக் கிரிக்கெட் விளையாடு. ஆனா இணையத்தில தொடுக்காதே." விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு பொதுப் பாவனையாளருக்கு நின்றுவிட்டன என்பதே அந்தக் கடைசி எச்சரிக்கைக்குக் காரணம். "சிவப்பில லினக்ஸ் போட்டு உம்மாவுக்கும் தங்கச்சிக்கும் குடு. அது படிக்கிறதுக்கு."

"அப்ப நீங்க பச்சை நல்லம் எண்டு சொன்னது?" என்று கேட்டான்.

"அது பழைய செய்தி" என்றேன்.